மூன்றாவது செஷன்

பேசும்போது எனக்குக் கால் சும்மா இருக்காது. அதைப் பயம் என்று குறித்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்திலேயே என் பெஞ்சில் யாரும் உட்கார விரும்பமாட்டார்கள், பெஞ்சு முழுக்க ஆடும். "இவ காலுக்கு ஒரு பெல்ட்டை மாட்டினா தையல் மிஷினுக்கு மோட்டாரே வேணாம்" என்பாள் அம்மா.

டைரியைக் கேட்டிருந்தீர்கள், கொண்டுவந்திருக்கிறேன். நாள் தவறாமல் எழுதியிருக்கிறேன், ஆனால் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும். நான் எதையும் ஒரே தடவையில் நம்புகிற ஆள் கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் படி இறங்கி, மறுபடி ஏறி, பூட்டை இழுத்துப் பார்த்து, இறங்கி, பாதி வழியில் நின்று யோசிப்பேன். 'பூட்டியாயிற்று' என்று டைரியில் எழுதிய பிறகுதான் பஸ் ஏறுவேன். ஆகவே நான் சொல்லும் தேதிகளையும் நேரங்களையும் நீங்கள் தாராளமாக நம்பலாம்.

ஸ்கேன் சென்டரில் என் வேலை டிஸ்க் எழுதுவது. தரைத்தளத்துக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு அறை, ஒரு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், வரவேற்பறையைப் பார்த்து ஒரு சின்னத் திறப்பு. பக்கத்து அறையில் படம் எடுக்கிற அக்கா படத்தை எடுத்து எனக்கு அனுப்புவார். நான் அதை டிஸ்கில் எழுதி, உறையில் போட்டு, அந்தத் திறப்பு வழியாக நீட்டுவேன். எங்கள் சென்டரில் ரிப்போர்ட் எழுதுவதில்லை. டிஸ்கை நோயாளியே தன் டாக்டரிடம் எடுத்துப் போவார், டாக்டர் போட்டுப் பார்ப்பார்.

இதில் எங்கள் மேனேஜருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு டிஸ்க். ஒவ்வொரு வருடமும் படம் எடுக்க வருகிறவர்கள் போன வருட டிஸ்கையே கொண்டுவர வேண்டும், புதுப் படத்தை அதிலேயே தொடர்ந்து எழுதுவோம். வேறு எந்த சென்டரிலும் இப்படிச் செய்வதாக நான் கேள்விப்பட்டதில்லை. "எல்லாம் ஒரே இடத்துல இருக்கும்ல, டாக்டருக்குச் சௌகரியம்" என்பார் மேனேஜர்.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பிறகு சொல்லப்போவதெல்லாம் இதில்தான் நிற்கிறது. ஒருமுறை எழுதும் டிஸ்கில் எழுதியதை அழிக்க முடியாது. லேசர் சுட்ட இடம் சுட்ட இடம்தான். ஆனால் மிச்சம் இருக்கும் இடத்தில் மேற்கொண்டு எழுதலாம். ஒவ்வொரு தடவை எழுதி மூடுவதற்கும் செஷன் என்று பெயர். ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு பொருளடக்கம் உண்டு. டிஸ்கைப் போட்டதும் கம்ப்யூட்டர் கடைசி செஷனின் பொருளடக்கத்தை மட்டுமே படிக்கும். அதில் பழைய செஷன்களுக்கும் வழி காட்டியிருந்தால் பழைய படங்களும் திரையில் வரும். வழி காட்டாவிட்டால் வராது. அவை டிஸ்கில் அப்படியே இருக்கும், சாதாரணமாகத் திறப்பவர் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

வாரத்தில் மூன்று நாள் மாலை ஆறு மணிக்கு எனக்கு வகுப்பு. டயர் கடைக்கு மேல் மாடி. கருவிகளோடு நேரடியாகப் பேசும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். முதல் நாளே சார் சொன்னார்: "ஒரு ஃபைலை டிஸ்குக்குக் காப்பி பண்ணும்போது நடுவுல பத்துத் தரகன் உக்காந்திருக்கான். இங்க நாம அவனுங்களை எல்லாம் எழுப்பி அனுப்பிட்டு டிரைவ்கிட்ட நேரா பேசப்போறோம்." டிரைவுக்குப் பன்னிரண்டு பைட்டில் ஒரு கட்டளை. லேசரின் சக்தியைச் சரிபார், எழுது, செஷனை மூடு, டிஸ்கை ஃபார்மட் செய். ஒரு பைட் பிசகினாலும் டிரைவ் முறைக்கும். எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு துல்லியமாகச் சொன்னால் இவ்வளவு துல்லியமாகக் கேட்கும் ஆள் என் வீட்டில் யாரும் கிடையாது.

பிடித்திருந்தும் இரண்டு தடவை பெயிலானேன். இது மூன்றாவது தடவை. அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்: "இதுவும் போச்சுன்னா பேசாம வீட்ல இரு." அண்ணி, குக்கரைக் கழுவிக்கொண்டே, "பாவம், அவளும் எத்தனை வருஷம்தான் அதே கிளாசுக்குப் போவா. அந்த பெஞ்சுக்கே போரடிச்சிருக்கும்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, சிரிப்புக்குச் சொன்னாள். அன்று டைரியில் அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அறைக்குள் நாற்பது தடவை குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். எண்ணியதால் தெரியும்.

வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரருக்கு மைக்ரான் என்று பெயர். நாங்கள் வைத்த பெயர். லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் கடைசல் வேலை பார்த்தவர். எதைப் பார்த்தாலும் அளவு சொல்வார். சார் கரும்பலகையில் கோடு போட்டால், "ரெண்டு மில்லி சாஞ்சிருக்கு சார்" என்பார். போன வருடம் அவர் வயிற்றில் ஒரு கட்டி எடுத்திருந்தார்கள். அதைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார். "எலுமிச்சம்பழ சைஸ்னு சொன்னான் டாக்டர். அது ஒரு அளவா? கேலிப்பரைக் குடுங்க, நானே அளந்து தர்றேன்னேன்." எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யக்கூடாது என்று சொன்னதால், உட்கார்ந்து செய்யும் வேலைக்காகப் படிக்க வந்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். எந்நேரமும் எழுதிக்கொண்டிருப்பதால் என்னை அவர் டைரி என்பார்.

அவர் எனக்கு எப்படி நெருக்கமானார் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் ஒருநாள் நான் எழுதிய புரோகிராம் டிஸ்கில் எழுதி முடித்ததாகச் சொன்னது. டிஸ்க் காலியாக இருந்தது. மூன்று டிஸ்க், மூன்றும் காலி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒத்திகை பிட்டை எடுக்காம விட்டிருக்கே. லேசர் சுடவே இல்ல. டிரைவ் பாவம், முழு நாடகத்தையும் ஆடி முடிச்சிட்டு சரிங்குது. மத்ததெல்லாம் கனகச்சிதமா இருக்கு, டைரி."

மற்றதெல்லாம் கனகச்சிதம். அதைச் சொல்லிவிட்டு என் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டார். அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் வெள்ளிக்கிழமை அவரிடம் கொடுப்பேன், வரி வரியாகப் பார்த்து டிக் போடுவார். டிக் விழுந்த பக்கத்தை நான் திரும்பப் படிப்பதில்லை. என் வாழ்க்கையில் நான் திரும்பச் சரிபார்க்காத பொருள் அது ஒன்றுதான்.

புரோஜெக்டுக்கு இருவர் இருவராகச் சேரச் சொன்னார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது, ஒரு டிஸ்கில் எத்தனை செஷன் இருந்தாலும் எண்ணிக் காட்டி, மறைந்துபோனதையும் திறந்து தரும் புரோகிராம். எழுதும் பகுதி அவருடையது, படிக்கும் பகுதி என்னுடையது. தேர்வுக்கு நாற்பத்தேழு நாள் இருந்தபோது அவர் வருடாந்தரப் படத்துக்காக எங்கள் சென்டருக்கு வந்தார்.

அன்று மதியம் மூன்று பத்து. திறப்பு வழியாகத் தலையை நீட்டி, "இங்கதான் ஒளிஞ்சிருக்கியா? எலி வளை மாதிரி இருக்கே" என்றார். பழைய டிஸ்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் படம் எடுக்கப் போனார். அரை மணி கழித்துப் படம் எடுக்கிற அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"இந்த மனுஷன் உனக்குத் தெரிஞ்சவரா?"

"என்கூடப் படிக்கிறார் அக்கா."

"மறுபடி வந்திருக்கும்மா. ரெண்டு இடத்துல. சின்னதுதான், இப்பவே பிடிச்சிட்டா சமாளிச்சிடலாம். இன்னைக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்லு. பயமுறுத்தாம சொல்லு, என்ன?"

சரி என்றேன்.

இரண்டாவது செஷனை எழுதினேன். முறைப்படி எழுதினேன். எழுதிய பிறகு படித்துச் சரிபார்த்தேன், ஒரு பைட்கூடப் பிசகவில்லை. சென்டர் கம்ப்யூட்டரில் அதற்குப் பதிவு இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். நான் ஏதோ படத்தை எழுதாமல் விட்டேன் என்று அவர் மனைவி கொடுத்த புகாரில் இருக்கிறது. அது தவறு. அவருக்கு இந்த நுணுக்கம் தெரிய நியாயமில்லை. டிஸ்கை உறையில் போட்டு மைக்ரான் அண்ணனின் நிஜப் பெயரையும் எழுதினேன்.

அவர் வரவேற்பறையில் நின்றபடி, "என்ன டைரி, தலை தப்புமா?" என்றார்.

"இன்னும் எழுதி முடியலை அண்ணே. பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பேனா மூடியைக் கழற்றி மாட்டினேன். பிறகு டைரியில் கணக்குப் போட்டேன், அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். போன தடவை, ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் கட்டி தெரிந்ததிலிருந்து ஆபரேஷன் நடக்க முப்பத்தெட்டு நாள் ஆனது. அதை அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். டாக்டர் அவசரமில்லை என்றாராம். தேர்வுக்கு நாற்பத்தேழு நாள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்பது நாள். இன்று அவருக்குச் சொன்னால் நாளையே ஆஸ்பத்திரி. வகுப்பு நின்றுவிடும், வெள்ளிக்கிழமைகள் நின்றுவிடும். எழுதும் பகுதி அரைகுறையாக நிற்கும். நான் தனியாகப் போய்த் தேர்வாளர் முன் நிற்க வேண்டும். அவருக்கும் அந்த வருடம் வீணாகும். ஒன்பது நாள் தாமதத்தில் இத்தனையையும் தவிர்க்கலாம். இப்போது படித்தாலும் அந்தக் கணக்கில் கூட்டல் பிழை இல்லை.

உறையிலிருந்து டிஸ்கை எடுத்தேன். எங்கள் புரோகிராம் பென்டிரைவில் இருந்தது. முதல் செஷனில் இருந்த, ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் சென்டரில் எடுத்த போன வருடப் படங்களை எடுத்து, மூன்றாவது செஷனாக எழுதினேன். பொருளடக்கத்தில் முந்தையவற்றுக்கு வழி காட்டவில்லை. சென்டரின் சாதாரண மென்பொருளில் இதைச் செய்ய முடியாது, அது தானாகவே வழி போட்டுவிடும். எழுதும் பகுதி அவர் எழுதியது என்று சொன்னேன் அல்லவா, அதுவரை முடித்ததை மிகச் சுத்தமாக எழுதியிருந்தார். லேசர் சக்தியைச் சரிபார்த்தது, எழுதியது, மூடியது. ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

டிஸ்கை நிரந்தரமாக மூடவில்லை என்பதைக் கவனியுங்கள். நான்காவது செஷனுக்கு இடம் விட்டிருந்தேன். தேர்வு முடிந்த மறுநாள் அவரைக் கூப்பிட்டு, டிரைவில் கோளாறு என்று சொல்லி, எல்லாவற்றையும் சரியான வரிசையில் எழுதிக் கொடுப்பதாக இருந்தேன். கெட்ட எண்ணம் உள்ளவள் இடம் விடமாட்டாள்.

எதையும் மாற்றவில்லை என்று முதல் நாள் விசாரணையில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். ஒன்றை மாற்றினேன். படங்களில் இருந்த தேதி. போன வருடத் தேதியை இந்த வருடத் தேதியாக்கினேன். அதைச் செய்யாவிட்டால் டாக்டர் குழம்பிப்போயிருப்பார்.

உறையை நீட்டினேன். "நல்லபடியா இருக்கும் அண்ணே" என்றேன். அக்கா பிறகு கேட்டார், சொல்லிட்டியா என்று. "சொல்லிட்டேன் அக்கா, அமைதியா கேட்டுக்கிட்டார்" என்றேன்.

அடுத்த வகுப்புக்கு அவர் ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். வகுப்பு முழுக்கக் கொடுத்தார், சாருக்கு இரண்டு. "டாக்டர் தன்கிட்ட காப்பி பண்ணி வெச்சிருந்த போன வருஷப் படத்தைப் பக்கத்துல வெச்சுப் பாத்தாராம். இம்மி மாறலையாம். இப்படி ஒரு வயித்தை நான் பாத்ததே இல்லன்னுட்டார். இனி அடுத்த வருஷம் வந்தாப் போதுமாம்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் மனைவி அன்று அவரைக் கூட்டிப்போக வந்திருந்தார். மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரியெல்லாம் தூங்கலம்மா நாங்க. இப்பதான் உயிரே வந்துச்சு" என்றார். அவர் கை ஈரமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: நான் அவர்களுக்குக் கொடுத்த தூக்கம் உண்மையான தூக்கம்தான்.

அடுத்த வாரங்கள் எங்கள் வேலை ஓடியது. அவர் அப்படி உழைத்து நான் பார்த்ததில்லை. விசில் அடித்துக்கொண்டே கோட் எழுதுவார். ஐந்தாவது வாரம் முதுகு வலிக்கிறது என்றார். "லேத்துல நின்னப்ப கால் வலி, இங்க உக்காந்தா முதுகு வலி. படுத்துக்கிட்டே பாக்கிற வேலை ஏதாவது இருந்தாச் சொல்லு, டைரி." சட்டை தோளில் தொளதொளவென்று நின்றது. நான் அவர் நாற்காலிக்கு ஒரு குஷன் வாங்கிக் கொடுத்தேன். நீலம்.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை என்று டைரியில் இருக்கிறது. அது தேர்வுப் பயம் என்றும் இருக்கிறது.

சென்டர் கம்ப்யூட்டரில் படங்கள் நாற்பது நாள்தான் இருக்கும், பிறகு இடத்துக்காகத் தானாக அழிந்துவிடும். நாற்பதாவது நாள் அவருடைய படங்கள் இருக்கின்றனவா என்று காலையில் பார்த்தேன், இருந்தன. மாலையில் பார்த்தேன், இல்லை. அழித்தது நான் அல்ல. அது மேனேஜர் வைத்த ஏற்பாடு.

நாற்பத்தேழாவது நாள் தேர்வு நடந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். வெளித் தேர்வாளர் வர முடியாமல் மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தது நான் அல்ல. அன்றிரவே மைக்ரான் அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன்: 'தங்கள் டிஸ்கில் பிழை ஏற்பட்டிருக்கலாம் எனத் தெரியவருவதால் மீண்டும் படம் எடுக்க வரவும்.' 'தெரியவருவதால்' என்பது சரியா 'தோன்றுவதால்' என்பது சரியா என்று சந்தேகம். திருத்தினேன். மறுநாள் வேறு மாதிரி எழுதினேன். நான்கு பிரதிகள் டைரிக்குள் இருக்கின்றன, பாருங்கள். எழுதியதைச் சரிபார்க்க நான் கொடுக்கும் ஒரே ஆள் அவர்தான், இதை மட்டும் அவரிடம் கொடுக்க முடியவில்லை. நான்கில் ஒன்றும் திருப்தியாக அமையவில்லை, ஆகவே கொடுக்கவில்லை.

அறுபத்தெட்டாவது நாள் தேர்வு.

தேர்வாளர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். நாங்கள் தயார் செய்து வைத்திருந்த டிஸ்கைப் போட்டோம். நான்கு செஷன் என்று காட்டியது, நான்கையும் திறந்தது. அவர் பென்சிலைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு, "நீங்களே செஞ்ச டிஸ்க் நீங்க சொன்னபடிதான் ஆடும். உங்களுக்குத் தெரியாத டிஸ்க் ஏதாவது போடுங்க" என்றார். பின் வரிசையில் ஒருவன் பாட்டு டிஸ்க் ஒன்றை நீட்டினான். அதில் ஒரே செஷன்தான். தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார்.

மைக்ரான் அண்ணன் பையைத் திறந்தார். முதுகு வலிக்காக மறுநாள் வேறு ஒரு டாக்டரைப் பார்க்கப் போவதாக இருந்தார், அதனால் அந்த உறை பையிலேயே இருந்தது. எனக்கு அது தெரியாது.

"இது பொருத்தமா இருக்கும் சார். இதுல ரெண்டு செஷன். போன வருஷம் ஒண்ணு, இந்த வருஷம் ஒண்ணு. என் வயிறுதான், வேற வில்லங்கம் ஒண்ணும் இல்ல."

வகுப்பு சிரித்தது.

"வேணாம் அண்ணே, கீறல் விழுந்திருக்கும்" என்றேன்.

"கீறலா? என் பொண்டாட்டியைவிடப் பத்திரமா இதைத்தான் வெச்சிருக்கேன். போடு."

போட்டேன். டிரைவ் சுற்றி வேகம் பிடிக்கும் சத்தம் கேட்டது. திரையில் எண் வந்தது: மூன்று.

"ரெண்டுன்னீங்க. மூணு காட்டுதே" என்றார் தேர்வாளர்.

இனி நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன். செஷன்களை எண்ணும் பகுதி என்னுடையது. மைக்ரான் அண்ணன் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "எண்ணிக்கை எங்கயோ ஒண்ணு கூடுது போல. விடு, பாத்துக்கலாம்" என்றார். பிறகு நிமிர்ந்து, சத்தமாக, "சின்னத் தப்பு சார். நான்தான் சரியாப் பாக்காம டிக் போட்டுட்டேன். என் கணக்குல குறைச்சுக்குங்க" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆமாம் சார், தப்புதான் என்று சொல்லியிருக்கலாம். ஐந்தாறு மதிப்பெண் போயிருக்கும், அதுவும் அவருடையதில். பாசாகியிருப்போம். டிஸ்க் உறைக்குள் போயிருக்கும். இதையெல்லாம் அந்த நேரத்திலேயே யோசித்தேனா என்று கேட்கிறீர்கள். யோசித்தேன். தேர்வாளரின் பென்சில் என் பெயருக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியில் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். பூட்டை இழுத்துப் பார்க்காமலே பூட்டியிருக்கிறது என்று தெரிவது எப்படி இருக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"தப்பு இல்லை சார். புரோகிராம் சரி. இதுல மூணு செஷன்தான் இருக்கு" என்றேன். "திறந்து காட்டறேன்."

இரண்டாவதைத் திறந்தேன். பக்கத்தில் மூன்றாவதையும் திறந்தேன். பெரிய திரையில் இரண்டு வயிறுகள். இரண்டுக்கும் கீழே ஒரே தேதி. ஒன்றில் எதுவும் இல்லை. மற்றொன்றில் வெள்ளையாக இரண்டு புள்ளிகள்.

"பேஷ். மறைஞ்சுபோன செஷனையும் எடுத்திருச்சே. இதுதான் சோதனை" என்றார் தேர்வாளர். வகுப்பு கைதட்டியது. என் கால் ஆடவில்லை. அதைக் கவனித்தது நினைவிருக்கிறது.

மைக்ரான் அண்ணன் கைதட்டவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு புள்ளியின் மேல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, கேலிப்பர் மாதிரி அகலத்தை அளந்தார். அடுத்த புள்ளிக்கும் அப்படியே. பிறகு கீழே இருந்த தேதியைப் படித்தார், நேரத்தையும் படித்தார்.

"சரிதான் சார்" என்றார். "பொண்ணு எழுதினது சரி. மூணுதான்."

மாடிப்படியில் எனக்காக நின்றிருந்தார்.

"தேதியை மாத்தியிருக்கே. நேரத்தை மாத்த மறந்துட்டே."

"ஆமா அண்ணே."

"ஒன்பது நாப்பது. போன வருஷம்தான் காலைல வந்தேன். இந்த வருஷம் மதியம்." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை நாள்?"

"அறுபத்தெட்டு."

"எதுக்கு?"

"புரோஜெக்ட் முடியட்டும்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணே."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, மெதுவாக இறங்கிப் போனார். குஷனை மேலேயே விட்டுவிட்டார். நான் எடுத்து வைத்திருக்கிறேன், அவர் மனைவி கேட்டால் கொடுத்துவிடலாம்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்களாம். இரண்டு இடமாக இருந்தது எண்ண முடியாத இடங்களாகியிருந்ததாக அந்த டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பதைப் படித்தேன். அறுபத்தெட்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஒரு வாக்கியமும் அதில் இருக்கிறது. பதினோரு வாரம் இருந்தார். எனக்கு எண்பத்தொன்பது மதிப்பெண், வகுப்பில் முதல். அவருக்கும் அதே எண்பத்தொன்பதுதான், அவர் சான்றிதழை சார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நீங்கள் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினீர்கள். தேதியை மாற்றியது, மூன்றாவது செஷனை எழுதியது, அக்காவிடம் பொய் சொன்னது, எல்லாம் சரி, எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். தாமதத்தால் அவர் இறந்தார் என்பதற்கும் போடுகிறேன். கடைசியில் 'உண்மையை அவரிடமிருந்து மறைத்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிடுங்கள். டாக்டர் அவரிடம் சொல்லவில்லை, அக்கா அவரிடம் சொல்லவில்லை, மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவு பேர் முன்னால், அவருக்கு முதன்முதலில் உண்மையைக் காட்டியது நான்தானே.